அப்பா கீழ இருக்காரு

"ஐ யாம் ஓபனிங் தி டோர்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே கதவை இழுத்தேன். கதவு அசையவில்லை.

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் கதவுகள் மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். "ஐ யாம் ஓபனிங்... ஐ யாம் ஓபனிங்..." என்று நான் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண்கள் தாவணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கடைசியில் முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து கதவின் அடியில் ஓர் உதை விட்டாள். படீரென்று திறந்தது.

"ஐ ஓபன்ட் தி டோர்!" என்றாள் என்னை முந்திக்கொண்டு.

அவள்தான் கஸ்தூரி. இந்த வாரம் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபப்படாமல் எழுத முடிகிறதா என்று இரண்டு தடவை முயன்று பார்த்தேன். முடியவில்லை. அறுபதுகளில் வந்த கோபம் அது. தலைமுடியெல்லாம் வெளுத்துவிட்டது, கோபம் மட்டும் அன்றிருந்த மாதிரியே இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழைப்பழப் பயிற்சி

கதவோடு மல்லுக்கட்டும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது பெங்களூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி. ஆங்கிலம் கற்பிக்க அப்போது புது முறை வந்திருந்தது. இலக்கண விதியை மனப்பாடம் செய்ய வைக்காதே, செய்து காட்டு என்பார்கள். நடக்கும்போது "நான் நடந்துகொண்டிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நின்ற பிறகு "நான் நடந்தேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது என்றார்கள்.

ஒரு வாரம் முழுக்க வாழைப்பழம்தான். பழத்தை மென்றுகொண்டே "ஐ யாம் ஈட்டிங் எ பனானா". விழுங்கிவிட்டு "ஐ ஏட் எ பனானா". என் அறைத்தோழி பூதிகோட்டைக்காரி, விவசாயக் குடும்பம். "வாயில சோத்த வெச்சிக்கினு பேசுனா எங்கூட்ல வாய் மேலயே போடுவாங்க. இங்க இன்னாடான்னா அதுக்கு மார்க்கு போடறாங்க" என்று இரவெல்லாம் புலம்புவாள்.

நான் அந்த முறையைத் திட்ட வரவில்லை. நல்ல முறைதான். தமிழில் நாம் "அப்பா வேலை செய்றார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இந்த நிமிடம் செய்கிறாரா, தினமும் செய்கிறாரா என்பது கேட்கிறவர் பாடு. ஆங்கிலம் அப்படி விடாது. நடுவில் ஓர் "ஈஸ்", கடைசியில் ஓர் "இங்" போட்டால் காரியம் நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அவை போய் இறந்தகாலம் வந்தால் காரியம் முடிந்துவிட்டது. இதைக் கையால் காலால் செய்து காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் எதைச் செய்து காட்டுவது, எந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வது என்று ஒன்று இருக்கிறதே. அதைப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊரில் அதுதான் எல்லாம்.

கடையில் தெரிந்துகொண்டது

எனக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம் அப்பாவின் கடை. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பருப்பும் வெல்லமும் மண்ணெண்ணெயும் விற்றோம். எங்கள் வீட்டில் யாரும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் இல்லை. ஆனால் எங்கள் அடுப்பு எரிந்தது இறங்கியவர்களால்தான். வடாற்காட்டிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்த குடும்பங்கள். லைன் வீடு என்று சொல்லும் வரிசைக் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் சாமான் வாங்க வருவார்கள்.

அப்பா அந்தப் பெண்களிடம் ஒருநாளும் "வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டாரா?" என்று கேட்டதில்லை. "எந்த ஷிப்டும்மா?" என்றுதான் கேட்பார்.

"பகல் ஷிப்டுங்க. கீழ இருக்காரு" என்பார்கள்.

கடைக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆள் இது தெரியாமல் ஒரு பெண்ணிடம், "இன்னாம்மா, ஊட்டுக்காரரு போய்ட்டாரா?" என்று கேட்டுவிட்டான். அவள் கையிலிருந்த வெல்லத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அப்பா எழுந்து தெருமுனை வரை அவள் பின்னால் ஓடி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அப்பா யார் பின்னாலும் ஓடி நான் பார்த்ததில்லை.

வழக்கம் இதுதான். கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கிய மனிதன் மறுபடி மேலே வந்து வீட்டு வாசலில் கால் கழுவும்வரை, அவனைப் பற்றி முடிந்துபோன மாதிரி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. "போனார்" இல்லை. "இறங்கினார்" இல்லை. "கீழ இருக்காரு", அவ்வளவுதான். ஷிப்டுக்குக் கிளம்புகிறவரைப் பெண்டாட்டி வழியனுப்பும்போதும் "போய்ட்டு" என்பதை விட்டுவிட்டு வெறுமனே "வாங்க" என்றுதான் சொல்வாள். போகிறவரைப் பார்த்து வாங்க என்கிறாளே என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

பாறை வெடித்து நொறுங்குவதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கீழே எங்கோ ஆழத்தில் நடக்கும். மேலே வீட்டில் அடுக்கிய பாத்திரங்கள் கிணுகிணுக்கும், தரை ஒருமுறை சிலிர்த்து அடங்கும். அடுத்த நிமிடம் பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு கூண்டு இறங்கி ஏறும் குழியான ஷாஃப்ட் இருக்கும் பக்கம் ஓடுவார்கள். அப்படி ஓடியிராத பெண் லைனில் கிடையாது. அந்தப் பயத்தோடு தினமும் சோறு பொங்குகிறவர்கள் நாக்கைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் இதை நம்பினேனா என்று கேட்பீர்கள். நம்பவில்லை. வாயால் சொன்னதற்காகப் பாறை நகராது. ஆனால் நம்புகிறவர்கள் வீட்டுக்குள் செருப்போடு நுழைய நான் யார்?

ஆடும் ரயிலும் குப்பம்மாவும்

அதனால் என் வகுப்பில் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அப்பாக்கள் எப்போதும் "இங்"கிலேயே இருப்பார்கள். "மை ஃபாதர் ஈஸ் ஒர்க்கிங்." அதை யாரும் மாற்ற வேண்டாம். இறந்தகாலத்துக்கு வேறு சாமான்கள் வைத்திருந்தேன். ரயில் வந்துகொண்டிருக்கிறது, ரயில் வந்தது. ஜன்னல் வழியே மாரிக்குப்பம் ரயில் நிஜமாகவே வரும், எனக்கு வேலை மிச்சம். மழை பெய்தது. ஆடு பாடப்புத்தகத்தைத் தின்றது. அந்த ஆடு எங்கள் பள்ளிக்கூட ஆயாவுடையது, புத்தகம் என்னுடையது.

பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. "மிஸ், இங் போட்டா ஆள் நல்லாக் கீறாருன்னு அர்த்தம், இல்ல மிஸ்?" என்று கஸ்தூரிதான் கேட்டாள். இலக்கணப் புத்தகத்தில் அப்படி இல்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று ஒருநாள் கேட்டபோது அவள் எழுந்து, "மை மதர் ஈஸ் ஃபைட்டிங் வித் குப்பம்மா" என்றாள். குப்பம்மா கஸ்தூரியின் அடுத்த வீட்டுக்காரி. குழாயடியில் குடம் வைக்கும் இடத்துக்காக ஆரம்பித்த சண்டை.

"இந்த நிமிஷமா? இப்ப நடந்துக்கிட்டு இருந்தாத்தான் இங் போடணும்" என்றேன்.

"எப்பவும் நடக்கும் மிஸ். பொங்கல்லேருந்து ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த பேசிக்கல. பேசாமயே சண்ட போடறாங்க."

வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. வாக்கியம் சரிதான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவள் அப்பா முனிரத்தினம் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை செய்தார். கதவு உதைபட்ட கதை அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஓய்வு நாளில் இழைப்புளியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். யாரும் அழைக்கவில்லை. கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டு அடிப்பக்கத்தை இழைக்க ஆரம்பித்தார். சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்தது, வகுப்பு முழுக்கப் பச்சை மர வாசனை. பெண்கள் விடுவார்களா? "ஹி ஈஸ் மெண்டிங் தி டோர்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அவர் வெட்கத்தில் தலையே நிமிரவில்லை.

கதவை மாட்டி ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் திறந்தது. எல்லோரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். அப்பா கண்ணெதிரே மேலே, வெயிலில் நிற்கிறார். அவள் தாராளமாகச் சொன்னாள்: "மை ஃபாதர் மெண்டட் தி டோர்."

"இனிமே ஒதைக்க வேணாங்க மிஸ்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பிரம்போடு வந்தவர்

எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய சமயம் அது. மேலிடத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். அவர் எழுதுவதுதான் என் தலையெழுத்து. ஒருநாள் காலை ஜீப் வந்து நின்றது. மடிப்புக் கலையாத சட்டை, கையில் மெல்லிய பிரம்பு. பின்னால் எங்கள் தலைமை ஆசிரியை, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

என் ரயிலும் மழையும் ஒழுங்காக ஓடின. பெண்கள் ஒரு பிசகில்லாமல் மாற்றிச் சொன்னார்கள். அவர் கொட்டாவி விட்டார்.

"ரயில், மழை, ஆடு. வாழ்க்கையிலேர்ந்து ஒண்ணும் இல்லையாம்மா?" என்று எழுந்தார். ஜன்னல் வழியே தூரத்தில் ஷாஃப்ட் மேலே சுற்றும் சக்கரம் தெரிந்தது. "இவங்க அப்பாங்கெல்லாம் அங்கதானே?" என்று கேட்டபடி சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினார். "மை ஃபாதர் ஈஸ் கோயிங் டவுன் தி ஷாஃப்ட்."

"பாஸ்ட் டென்ஸ். சொல்லு" என்று முன் பெஞ்சில் பிரம்பால் தட்டினார்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. அடுத்தவள் எழுந்தாள். அவளும் நின்றாள். பகல் ஷிப்டு நடந்துகொண்டிருந்த நேரம். பாதிப் பேரின் அப்பாக்கள் கீழே இருந்தார்கள்.

நான் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். "சார், இது இங்க சொல்ல மாட்டாங்க. கீழ இருக்கிறவங்களப் பத்தி முடிஞ்ச மாதிரி பேசுறதில்ல. வேற எந்த வாக்கியம் வேணும்னாலும் கேளுங்க. சொல்லுவாங்க."

அவர் தாழ்ந்த குரலில் பதில் சொல்லவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "மூடநம்பிக்கைய வளர்க்கவா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" பிறகு தலைமை ஆசிரியை பக்கம் திரும்பி, "இந்தம்மாவுக்குப் பாஸ்ட் டென்ஸ் நடத்தத் தெரியலன்னு எழுதிடறேன். வேற வேலை தேடிக்கட்டும்" என்றார். தலைமை ஆசிரியை தரையைப் பார்த்தார்.

"எழுதிக்குங்க சார். அந்த வாக்கியத்த விட்டுடுங்க" என்று டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். என் கை எட்டுவதற்குள் பிரம்பைப் பலகைக்குக் குறுக்கே வைத்தார். பிள்ளைகள் முன்னால், பெற்றவர்கள் உழைக்கும் ஊரில் வந்து, ஒரு பெண்ணைப் பிரம்பால் தடுத்து நிறுத்தினார்.

அப்போதுதான் கஸ்தூரி எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"மை ஃபாதர் வென்ட் டவுன் தி ஷாஃப்ட்."

"லவுடர்" என்றார்.

மறுபடி சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள். அவர் "வெரி குட்" என்று எனக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்தார். கஸ்தூரி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். என் வேலையைக் காப்பாற்றிவிட்ட சிரிப்பு. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

டம்ளர்கள் ஆடின

தலைமை ஆசிரியை அறையில் இன்ஸ்பெக்டருக்குப் பலகாரம் வைத்திருந்தார்கள். ஆயா டீ கொண்டுவந்து வைத்தாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தட்டில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின. டீ தளும்பித் தட்டில் கொட்டியது. காலடியில் தரை சிலிர்த்தது.

"என்ன அது?" என்றார் இன்ஸ்பெக்டர், டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

"ஏர் பிளாஸ்டுங்க" என்றாள் ஆயா. அவள் அதற்குள் படி இறங்கிவிட்டிருந்தாள். அவள் மகனும் கீழே இருந்தான்.

எல்லா வகுப்புகளிலிருந்தும் பெண்கள் வெளியே ஓடினார்கள். மணி அடிக்கவில்லை, யாரும் விடச் சொல்லவில்லை. அவர் ஜன்னலருகே போய்ப் பார்த்துவிட்டு, "பெல் அடிக்காம எப்படி ஓடறாங்க? டிசிப்ளினே கிடையாதா?" என்று கேட்டார். இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை. இந்த வார்த்தைகளை இந்த வரிசையில்தான் கேட்டார்.

நானும் ஓடினேன். ஷாஃப்ட் வாசலில் பெண்கள் கூட்டம். கஸ்தூரியின் அம்மா ராஜம்மா ஈரக் கையோடு வந்து நின்றிருந்தாள். சற்றுத் தள்ளிக் குப்பம்மா. கூண்டு ஏறி ஏறி வந்தது. ஒவ்வொரு தடவையும் சிலபேர் வந்து இறங்கினார்கள், அவரவர் வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டே கூட்டிக்கொண்டு போனார்கள். ஆயாவின் மகன் வந்துவிட்டான். சாயங்காலம்வரை நின்றோம். முனிரத்தினம் வரவில்லை. அவரை மறுநாள்தான் எடுத்துவந்தார்கள்.

கொஞ்ச நாளில் என் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் வந்தது. காலங்களைத் திருப்தியாகக் கற்பிக்கிறார் என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தாராம். எந்த வாக்கியத்தைக் கேட்டு அவர் திருப்தி அடைந்தார் என்பது என் வகுப்புக்கு மட்டும்தான் தெரியும். ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் போய்க் கத்தினேன். "நீ போய்ட்டா அந்தப் பலகைக்கு அடுத்த தடவ யாரு குறுக்க நிப்பா?" என்றார் அப்பா.

ராஜம்மா சொன்னது

காரியம் முடிந்த பிறகும் கஸ்தூரி பள்ளிக்கு வரவில்லை. பெண்கள் ஆளுக்கொரு சேதி சொன்னார்கள். சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. ஒரு மதிய வேளையில் அவர்கள் லைனுக்குப் போனேன். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் குவித்திருக்கும் சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது.

வீட்டுக்குள் ராஜம்மாவும் உறவுப் பெண்களும் இருந்தார்கள். முனிரத்தினத்தின் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துக்க வீடு என்பதால் குப்பம்மாவும் வந்து கதவோரம் ஒட்டிக்கொண்டிருந்தாள், யாரிடமும் பேசாமல். கஸ்தூரி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாந்தான் சொல்ட்டேன் மிஸ்" என்றாள். "ரெண்டு தடவ சொல்ட்டேன். அதுக்கப்புறந்தான் டமார்னுச்சு."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். "இன்னா சொன்ன?" என்றாள் ராஜம்மா. கஸ்தூரி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. இன்ஸ்பெக்டர் வந்ததையும், பலகையில் எழுதியதையும், என்னை மிரட்டியதையும், என் வேலை போய்விடக் கூடாதென்று அவள் தானாக எழுந்து சொன்னதையும் சொன்னேன். அந்த ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று ராஜம்மா கேட்டாள். அதையும் சொன்னேன். நாத்தனார்க்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கஸ்தூரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது. வார்த்தையில் ஒன்றுமில்லை, அது பாறை, அது விபத்து என்று நான் படித்த படிப்பையெல்லாம் எடுத்து வைத்தேன். அந்த அறையில் அது ஒருவர் காதிலும் ஏறவில்லை. கஸ்தூரி காதில் ஏறவே இல்லை.

ராஜம்மா மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நீ சொன்னதால ஒண்ணும் ஆவல. உனக்கு முன்னாடியே நான் சொல்ட்டேன்."

கஸ்தூரி தலை நிமிர்ந்தாள்.

"காலீல குழாயடியில குப்பம்மா கேட்டா. ஊட்டுக்காரரு எங்கன்னு. நான் ஏதோ ஞாபகத்துல, போய்ட்டாருன்னு சொல்ட்டேன். நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி. எம் வாயாலதான் ஆச்சு. நீ எழுந்து சாப்புடு."

நாத்தனார்க்காரி எழுந்து நின்றாள். "அடிப்பாவி! எந் தம்பிய நீயே வாய் வெச்சி அனுப்பிட்டியா?"

ராஜம்மா மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

பொங்கலிலிருந்து குப்பம்மாவோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் இலக்கணமாகவே அதைக் கேட்டிருக்கிறேன். குழாயடியில் யார் யாரைக் கேட்டிருக்க முடியும்? நான் குப்பம்மாவைப் பார்த்தேன். அவள் ராஜம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், பொய் உடைந்துவிடும். இத்தனை மாதச் சண்டையை அங்கேயே தீர்த்துக்கொண்டிருக்கலாம்.

"ஆமா" என்றாள் குப்பம்மா. "எங்கிட்டதான் சொன்னா. கேட்டது நாந்தான். எம் வாயும் சும்மா இருந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு உள்ளே வந்து, அடுப்படியில் மூடி வைத்திருந்த சோற்றைத் தட்டில் போட்டு, கஸ்தூரி முன்னால் வைத்தாள். அந்தப் பெண் சாப்பிட்டாள்.

அதற்கு ராஜம்மா கொடுத்த விலை கொஞ்சமல்ல. நாத்தனார் குடும்பம் அன்றோடு அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. கல்யாணம் காட்சிக்கு அவளைக் கூப்பிடவில்லை. லைனிலேயே சில பெண்கள் ஷிப்டு நேரத்தில் அவள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். புருஷனை விழுங்கியவள் என்ற பேரைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த ஊரிலேயே வாழ்ந்தாள். குப்பம்மா மட்டும்தான் துணை. குழாயடியில் இரண்டு குடமும் ஒன்றாக நிற்கும். கஸ்தூரி மறு வாரமே பள்ளிக்கு வந்தாள், படித்தாள், தேறினாள்.

ரயில் நிலையத்தில்

பல வருஷம் கழித்துக் கோரமண்டல் ரயில் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். பெங்களூரில் வேலை, தினமும் போய்வருகிறவள். தோளில் பை, தலையில் ஒன்றிரண்டு நரை. அம்மா தவறிவிட்டதாகச் சொன்னாள். கடைசிவரை குப்பம்மாதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாளாம்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் இழுபறி. அவள் அம்மா பெயரில் இருக்கும் அந்தப் பழியை இனியாவது துடைக்க வேண்டாமா?

"கஸ்தூரி, அன்னைக்கு உங்க அம்மா குழாயடியில சொன்னேன்னு சொன்னாங்களே..."

"அது பொய்தான் மிஸ்" என்றாள் சாதாரணமாக. "எனக்கு அப்பவே தெரியும். ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களே. நான்தான உங்க கிளாஸ்ல சொன்னேன்."

"அப்போ நம்பலையா?"

"எங்க மிஸ் நம்பறது? அம்மா அவ்ளோ கஷ்டப்பட்டு எம் மேலேருந்து எடுத்துக்கினாங்க. நான் நம்பலன்னு தெரிஞ்சா அவங்க எடுத்துக்கினது வீணாப் பூடும். அதான் எழுந்து சாப்பிட்டேன்."

"அப்ப அது உம் மனசுலயே...?"

"இருக்கு மிஸ். இப்பகூட அந்த ஒரு வாக்கியம் எனக்கு வாயில வராது. ஆபீஸ்ல நாள்பூரா இங்கிலீஷ்தான் பேசறேன். அது மட்டும் வராது."

அந்த இன்ஸ்பெக்டரை நினைத்துக்கொள்வதுண்டா என்று கேட்டேன். யோசித்தாள். "அவர் மூஞ்சியே ஞாபகம் இல்ல மிஸ். உங்களப் பிரம்பால தடுத்தாரே, அந்தக் கை மட்டும் ஞாபகம் இருக்கு." ரயில் வந்தது. "வரேன் மிஸ்" என்று ஏறிப் போனாள்.

அம்மா பெண்ணுக்காகப் பொய் சொன்னாள். பெண் அம்மாவுக்காக அதை நம்புகிற மாதிரி ஆயுசுக்கும் நடித்தாள். குப்பம்மா பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஆளுக்கொரு பங்கு சுமந்தார்கள், சுமக்க வேண்டியவரைத் தவிர. அவர் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. அதற்கு மேல் உயர்ந்த பதவிகளில் இருந்து ஓய்வுபெற்றதாகக் கேள்வி.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஷாஃப்ட் பக்கம் ஓடிய பிறகு அவர் என்ன செய்தார் என்று அடுத்த நாள் தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். கொட்டிப்போன டீக்குப் பதில் இன்னொரு டம்ளர் போட்டுத் தரச் சொன்னாராம். ஆயா இல்லாததால் தலைமை ஆசிரியையே போட்டுக் கொடுத்திருக்கிறார். சர்க்கரை கொஞ்சம் குறைவு என்று சொல்லிவிட்டு, முழுவதும் குடித்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாராம்.